தண்ணிக் கழிவு

மாதத்தில் ஒரு ஞாயிறுதான்
மஸ்கெலியாவிலிருந்து பாதர் ஏறி வருவார்,
அதுவும் ஆட்டோ கிடைத்தால்.
அந்த ஒரு ஞாயிற்றுக்காக
கரண்ட் போன இரவிலும் மெழுகுதிரி ஏற்றி
முதல் வாசகத்தைப் படித்துப் பழகியிருந்தேன்.
ழகரம் வரும் இடமெல்லாம் பென்சில் கோடு.

உபதேசியார் பஸ்தியான்
கோயில் வாசலில் வைத்தே சொன்னார்:
"இந்தத் தடவ எமரன்சியா படிக்கட்டும்."
அவ்வளவுதான். காரணம் இல்லை.
அவளுக்கு மழையும் மளைதான்,
வாழ்வும் வாள்வுதான்.
ஒவ்வொரு சறுக்கலையும் எண்ணினேன்.
பதினொன்று.

தகரத்தில் மழை பிடித்தது.
எண்ணத் தொடங்கிய மனசு சும்மா இருக்குமா?
போன கிறிஸ்மஸுக்கு நான் கொடுத்த காசை
நன்றி சொல்லும்போது வாசிக்காமல் விட்டது,
அவள் கோழி என் மல்லிப் பாத்தியைக் கிளறியது,
பைப்படியில் என் வாளியை நகர்த்தி வைத்தது,
திருநாளுக்கு நான் செய்த நீலக் கடதாசிப் பூவைப்
பீடத்துக்குப் பின்பக்கம் குத்தியது.
எல்லாரும் எழுந்தார்கள், எழுந்தேன்.
உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தேன்.
நற்கருணைக்கு நீண்ட கை
என் கையென்றே தெரியாமல் நீண்டது.

லயத்தில் சந்தியாகு,
குளவி கொட்டிய கால் தலையணை மேல்,
பானையாய் வீங்கி.
"பூசை எப்படி?" என்றார்.
யாருக்கு என்ன சேலை, யாருக்கு இருமல்,
எமரன்சியா எங்கெங்கே வழுக்கினாள்,
எல்லாம் சொன்னேன்.
பொறுமையாய்க் கேட்டுவிட்டு
"அது சரி,
இயேசு என்ன சொன்னாரு?" என்றார்.

அடுப்பில் ரொட்டி கருகியது.
ஓடிப்போய்ப் புரட்டினேன்.
நல்லவேளை, ரொட்டி கருகியது.

திங்கள் முழுக்க நனைந்த கொழுந்து.
மடுவத்துத் தராசில் முள்
இருபத்தொன்றைத் தொட்டது.
கங்காணி நிமிராமல் எழுதினார்:
"தண்ணிக் கழிவு மூணு. பதினெட்டு."
மூன்று கிலோ மழை எந்த இலையில் தங்கும்?
சண்டை போட்டேன்.
ஒரு கிலோ திரும்பி வந்தது.

ஆண்டவரே, அதை மட்டும் விடச் சொல்லாதீர்.
கூலிக் குறை வேறு,
அது எனக்கு முன்பே உமது காதுக்கு வந்த குறை.
ஆனால் பையைக் கவிழ்த்து உதறும்போது
அடியில் தேங்கிய தண்ணீர்
என் வெறுங்காலில் ஊற்றியது.
பார்த்தேன்.
இலை இல்லை, தளிர் இல்லை.
மேட்டு மலையிலிருந்து மடுவம்வரை
இதையுமா முதுகில் தூக்கி வந்தேன்?
பதினொரு சறுக்கல். ஒரு வாளி.
ஒரு கோழி.
கொஞ்சம் நீலக் கடதாசி.

அத்தோடு தொலைந்தது என்றால் பொய்.
படுத்ததும் வாளி வந்தது.
போ என்றேன்.
கோழி வந்தது.
போ, போ என்று சொல்லிச் சொல்லியே
தூங்கிப்போனேன்.
அன்றைக்குச் செபம் அவ்வளவுதான்.

செவ்வாய்க் காலை
அவள் நிரைக்கு அடுத்த நிரை எனக்கு.
மூடுபனி கிழிந்த இடத்தில்
கீழே மவுசாகலைத் தண்ணீர், வெள்ளையாய்,
அசைவில்லாமல்.
கை பறிக்கப் பறிக்கக் கேட்டேன்:
"ஞாயித்துக்கெழம பாதர் என்ன படிச்சாரு, எமரன்சியா?
எனக்குக் காதுல விழல."
கிண்டலோ என்று ஏற இறங்கப் பார்த்தாள்.
மூன்று செடி தாண்டும்வரை பேச்சில்லை.
பிறகு சொன்னாள்:
"பேதுரு தண்ணி மேல நடந்தாரு.
ஆண்டவரப் பாத்து நடந்தவரைக்கும் ஒண்ணுமில்ல.
காத்தப் பாத்தாரு. முங்கிட்டாரு."

"பொறகு?"

"பொறகென்ன, கையப் புடிச்சித் தூக்கிட்டாரு."
கொழுந்தைப் பைக்குள் எறிந்தாள்.
"ஆளமான தண்ணியில்ல அது."

மேட்டிலிருந்து கங்காணி கத்தினார்,
அங்கே என்ன கதை என்று.

"ஆளம்தான்" என்றேன் நான்.